முன்வரிசைப் பாட்டில்

ஓர் ஆளை உயிரோடு கொளுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தும், நடுரோட்டில் குனிந்து சாவகாசமாகச் செருப்பு வாரைச் சரிசெய்கிற பெண்மணி இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். அவரிடம் சம்பளம் வாங்குகிற பாவியும் ஒருத்தன்தான். அது நான்.

"மேடம், அங்க ஆளைக் கம்பத்துல கட்டியாச்சு" என்றேன்.

"பாத்துட்டேன் கண்டக்டர். வார் அறுந்தா ஓட முடியாது. இன்னிக்கு ஓட வேண்டி வரும்."

நான் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். பயணிகளை எதிர்த்துப் பேசியதற்காக வேலை போயிற்று. மேடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்த்து, அது தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா என்று சொல்கிற வேலையில் இருந்தார். உண்மையைச் சொன்னதற்காக வேலை போயிற்று. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து துப்பறிகிறோம். ஜாடிக்கேற்ற மூடி.

அந்த ரோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாலத்திலிருந்து வளைவு வரைக்கும் இரண்டு பக்கமும் மர மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் எட்டு கண்ணாடி பாட்டில்கள், உள்ளே பொன்னிறத்தில் பெட்ரோல். மேஜைக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. லைசென்ஸ் கிடையாது, போர்டு கிடையாது. போலீஸ் வரும், மாமூலை வாங்கும், போகும். அதனால் இங்கே கொலை விழுந்தால் யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை. வியாபாரிகளே கூடித் தீர்ப்பு சொல்வார்கள், தண்டனையையும் அவர்களே கொடுத்து முடிப்பார்கள்.

அன்று காலையில் விடிந்தும் விடியாமலும் இருந்தபோது, சீசா என்று எல்லோரும் கூப்பிடுகிற வியாபாரி தன் கொட்டகைக்குள் மண்டை பிளந்து, எரிந்து கிடந்தான். பக்கத்தில் இரண்டு கையும் வெந்துபோய் உட்கார்ந்திருந்தான் அவன் மனைவியின் தம்பி. இவனுக்குப் பட்டப்பெயர் புனல். முந்தின நாள்தான் மாமனும் மச்சானும் நடுரோட்டில் கத்திக்கொண்டு சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது. அப்புறம் என்ன, ஆளைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

சீசாவின் மனைவி எங்கள் ஆபீஸ் படியில் தலைவிரி கோலமாக வந்து விழுந்தாள். "புருஷன் போயிட்டான். என் தம்பியையாவது குடுங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தோம்.

கம்பத்தைச் சுற்றிக் கூட்டம். புனலின் வலது கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து ரத்தம் மார்பு வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. அவன் முன்னால் நின்று அறைந்துகொண்டிருந்தவர் செத்தவனின் கூடப்பிறந்த அண்ணன். நல்ல சலவைச் சட்டை, கண்ணெல்லாம் சிவப்பு.

"இந்தக் கையைப் பாருங்கய்யா! என் தம்பியை எரிச்ச கை!" என்று புனலின் வெந்த கையைப் பிடித்து முறுக்கினார். புனல் அலறினான். "ஆறு வருஷமா எனக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவன் இந்த வியாபாரத்துக்கு வந்ததே எனக்கு அடுத்தவன் சொல்லித்தான் தெரியும். இந்த ரோட்டுல இன்னிக்குத்தான் முதல் தடவையா காலை வைக்கிறேன். வந்து பாத்தா கரிக்கட்டையா கிடக்கிறானே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டார். கூட்டத்தில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அழுதது போதும், முடிங்க சீக்கிரம்" என்று பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல். இந்த ரோட்டுக்கே திருட்டு பெட்ரோல் கொண்டுவந்து பீப்பாயில் இறக்குகிற லாரிக்காரர். ஆள் கதவு அகலம். "எனக்கு அடுத்த லோடு இருக்கு."

"அடடா, என்ன இளகின மனசு" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உடனே மேகத்தைப் பார்த்தேன்.

கூட்டத்துக்கு நடுவில் ஒரு கவிழ்த்த கேன் மேல் உட்கார்ந்திருந்தாள் ஐம்பது வயசுப் பெண் ஒருத்தி. கழுத்திலிருந்து தோள்வரை பழைய தீக்காயத் தழும்பு. கேன் அக்கா. இங்கே அவள் வைத்ததுதான் சட்டம்.

"யார் நீங்க?" என்றாள்.

"எரிஞ்சதைப் பாத்து எப்படி எரிஞ்சதுன்னு சொல்றவ" என்றார் மேடம்.

"நாங்க தீயோட குடும்பம் நடத்துறவங்கம்மா. எங்களுக்கே சொல்லித் தர்றியா? பெட்ரோலை மனுஷன் மேல ஊத்தினவனுக்கு அதே பெட்ரோல்தான். இதுல மாத்தம் இல்ல."

"மாத்தச் சொல்லல. ஆள் மாறிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க."

கேன் அக்கா சீசாவின் மனைவியைப் பார்த்தாள். அவள் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். "குடுக்கறேன்" என்றாள் அக்கா. "டீ ஆறிச்சுன்னா அவ்வளவுதான்."

மேடம் புனலிடம் போனார். "நேத்து என்ன சண்டை?"

"தனி மேஜை கேட்டேன்" என்றான் உடைந்த பல்லோடு. "மாமா இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னாரு. கத்தினேன். அதுக்காக யாராவது கொல்லுவாங்களா? எரிஞ்சுக்கிட்டு இருந்தாருங்க. வெறுங்கையால அணைச்சேன்."

"பொய்!" என்று அண்ணன்காரர் அவன் வயிற்றில் உதைத்தார். மேடம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

உள்ளே சீசா தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். விலக்கினேன். பின்மண்டையில் அடி, பக்கத்திலேயே ரத்தம் காய்ந்த பெரிய ஸ்பேனர். இடுப்புக்குக் கீழே துணி எது தோல் எது என்று பிரிக்க முடியவில்லை. இதற்கு மேல் நான் வர்ணிக்கப் போவதில்லை, நீங்களும் சாப்பிட வேண்டும்.

"மோந்து பாருங்க" என்றார் மேடம்.

இது என் தலையெழுத்து. ஒரு ரப்பர் கம்பெனி எரிந்த புகையில் மேடத்துக்கு மோப்பம் அடியோடு போய்விட்டது. அன்றிலிருந்து என் மூக்கு கம்பெனிச் சொத்து. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

"கால்ல பெட்ரோல். சுத்தமான பெட்ரோல்."

"மார்ல?"

மார்பும் இடது தோளும் எரியவே இல்லை. சட்டை ஈரமாக இருந்தது. ஈரத்தில் மஞ்சளாக ஒரு கறை படர்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல மேடம். ஈரத்துணி வாசனைதான்."

"நல்லா மோந்து பாருங்க."

"இதுக்கு மேல மோந்தா நானும் பக்கத்துல படுத்துடுவேன். பெட்ரோல் இல்லவே இல்ல."

மேடம் மூலையைக் காட்டினார். காலி பாட்டில் ஒன்று, மூடி தனியாக, உருண்டு கிடந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். சீசாவின் மேஜையில் ஏழு பாட்டில்தான் இருந்தது. எட்டாவது நின்ற இடத்தில் புழுதி படியாமல் ஒரு வட்டம். மேடம் கையை நீட்டி வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை உள்ளே எடுத்தார். மூடியைத் திருகினார். தரையில் கொஞ்சம் ஊற்றினார். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"மேடம், எனக்கு வயசான அம்மா இருக்காங்க!" என்று நான் கொட்டகையின் அடுத்த கோடிக்குப் பாய்ந்தேன்.

எரிகிற குச்சி ஈரத்தில் விழுந்து சுர்ரென்று அணைந்தது. இரண்டாவது குச்சியும் அப்படியே.

"தண்ணி" என்றார் மேடம். "சாயம் கலந்த தண்ணி."

பின்னால் தார்ப்பாய் படீரென்று மூடியது. கேன் அக்கா நின்றாள். கையில் ஒரு இரும்புக் கம்பி.

"உன்னை இங்கேயே புதைக்கணும்" என்றாள் மேடத்திடம்.

"புதைக்கறதுக்கு முன்னாடி விவரத்தைச் சொல்லுங்க" என்றார் மேடம். "எல்லா மேஜையிலும் இப்படித்தானா?"

அக்கா கம்பியை இறக்காமலே தழும்பைத் தடவிக்கொண்டாள். "எல்லா மேஜையிலும். முன்னாடி நிஜ பெட்ரோல்தான் வெச்சோம். போற வண்டியிலிருந்து எவனோ ஒரு சிகரெட்டை வீசினான். இந்த வரிசையே எரிஞ்சது. என் தங்கச்சி அதுல போனா. அன்னியிலிருந்து மேஜையில இருக்கிறது வெறும் சாயத் தண்ணி, ஒரு அடையாளத்துக்கு. நிஜ சரக்கு மேஜைக்கு அடியில சாக்குக்குள்ள கேன்ல இருக்கும். கேட்டா, வெயில் பட்ட பெட்ரோல் வண்டிக்கு ஆகாது, பின்னாடியிருந்து புதுசு தர்றோம்னு சொல்வோம்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"மேஜை போட்டவனுக்குத் தெரியும். மேஜையில உக்காந்து ஊத்துறவனுக்குத் தெரியும். முன்னாடியே தண்ணி வெச்சவன் பின்னாடி எதை ஊத்துவானோன்னு ஜனம் பேசும்ல? அதனால சத்தியம் வாங்கிட்டுத்தான் தொழில்ல சேப்போம். என் புருஷனுக்கே தெரியாது. அந்த ஆளுக்குச் சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி."

"லாரிக்காரருக்கு?"

"அவன் பின்பக்கம் வந்து பீப்பாயில இறக்கிட்டுப் போறவன். முன்னாடி என்ன இருக்குன்னு அவனுக்கென்ன?"

எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. "மேடம்! அடிச்சுப் போட்டவன் முதல்ல கைக்குக் கிடைச்ச முன்வரிசைப் பாட்டிலை எடுத்து மார்ல ஊத்தியிருக்கான். குச்சி கிழிச்சான், எரியல. அப்புறம் குடைஞ்சு கேனைத் தேடிப் பிடிச்சுக் கால்ல ஊத்தியிருக்கான். புனல் தினமும் இங்க ஊத்துறவன். அவன் போய்த் தண்ணியை ஊத்துவானா? வெளியாள்!"

"வெளியாள்தான்" என்றார் மேடம். "ஒண்ணு கவனிங்க கண்டக்டர். காலையில தெரியாதவனுக்கு இப்பத் தெரியும்."

கேன் அக்கா கம்பியை இறக்கினாள். முகம் வெளுத்திருந்தது. "பாவி, நான் அந்தப் புனல் பயலை..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "ஆனா இதை வெளிய சொல்லி அவனைக் காப்பாத்த முடியாதும்மா. நம்மளைத் திசைதிருப்பவே தண்ணியை ஊத்தினான்னு கத்துவாங்க. கூட்டம் வெறியில இருக்கு."

மேடம் அவள் காதோடு காதாக என்னமோ சொன்னார். நான் கழுத்தை நீட்டினேன். "நீங்க மூக்குக்கு மட்டும்தான் கண்டக்டர்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன், பேனா இல்லை.

மேடம் எடுத்த பாட்டிலை மூடி வரிசையில் அதன் இடத்திலேயே திருப்பி வைத்தார். வெளியே வந்ததும் கேன் அக்கா கையை உயர்த்தினாள். "டீ ஆறிடுச்சு. தீர்ப்புல மாத்தம் இல்ல."

சீசாவின் மனைவி எழுந்து மேடத்தின் புடவையைப் பிடித்து உலுக்கினாள். "உங்களை நம்பித்தானே வந்தேன்! என்னம்மா செஞ்சீங்க?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

"லாரிக்காரரே" என்றாள் அக்கா. "உனக்குத்தானே அவசரம். சீசா மேஜையிலிருந்து பெட்ரோலை எடுத்துட்டு வா. கூடப்பிறந்தவர் கையால முடியட்டும்."

லாரிக்காரர் விறுவிறுவென்று போனார். முன்வரிசையில் நின்ற பாட்டில் ஒன்றைத் தூக்கினார். மூடியைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டே வந்தார். கூட்டத்தில் இருந்த வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தன் வாயைத் திறந்தான். கேன் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

கம்பத்தில் புனல் கண்ணை மூடிக்கொண்டு தன் கூடப்பிறந்தவளை அக்கா, அக்கா என்று அழைத்து முனகினான்.

"அதை ஏன்யா தூக்கிட்டு வர்றே?" என்று பாய்ந்தார் அண்ணன்காரர். "அதுல எங்க எரியும்? நகரு!"

லாரிக்காரரைத் தள்ளிவிட்டு மேஜைக்கு ஓடினார். ஆறு பாட்டில்களையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மண்டியிட்டு அடியில் கையை விட்டு, சாக்கை விலக்கி, நீலக் கேனை இழுத்தார். ஓடிவந்து புனலின் தலையில் கவிழ்த்தார். இந்தத் தடவை என் மூக்குக்கு வேலையே இல்லை, ரோடு முழுக்க நாற்றம் ஏறியது. புனல் எரிச்சலில் துடித்தான். கயிறு தோலை அறுத்தது. அண்ணன்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். சத்தமே போடவில்லை. "எதுல எரியாது?"

"என்ன?"

"மேஜை மேல பெட்ரோல் வரிசையா நிக்குது. கைக்கெட்டின தூரம். அதை விட்டுட்டு ஏன் குனிஞ்சீங்க?"

"அதெல்லாம் சாயத் தண்ணிதானே!" என்றார் அவர் எரிச்சலோடு.

லாரிக்காரர் கையிலிருந்த பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், "அட, தண்ணி!" என்றார்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் மேடம்.

அண்ணன்காரர் சுற்றிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. "என் தம்பி... தம்பிதான் சொன்னான்."

"ஆறு வருஷமா பேச்சு இல்லன்னீங்களே. இந்த ரோட்டுல இன்னிக்குத்தான் காலை வெச்சேன்னீங்களே."

"போன்ல ஒரு தடவை..."

"பெரியத்தான்." சீசாவின் மனைவி எழுந்து நின்றாள். "நான் அவர் பொண்டாட்டி. கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் சோறு கொண்டு வரும்போது அந்தப் பாட்டிலை எல்லாம் துடைச்சு வெக்கறவ. எனக்கே தெரியாதே அது தண்ணின்னு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

கேன் அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. "இந்தச் சாயம் லேசுல போகாது. நாங்க குச்சியால கலக்குவோம், கையில பட விட மாட்டோம். நீதான் பதறிப்போய்க் கையெல்லாம் ஊத்திக்கிட்டே."

அப்போதுதான் அந்த மனுஷனின் அழுத முகம் உரிந்து விழுந்தது. கையை உதறிக்கொண்டு பின்னால் தாவினார். தீப்பெட்டி வெளியே வந்துவிட்டது. "கையெழுத்துதான் கேட்டேன்! ஒரே ஒரு கையெழுத்து! வீட்டை வித்துடலாம்டான்னேன். அம்மா இருக்கிற வரைக்கும் வீட்டைத் தொடாதேன்னான். என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினான். கையில ஸ்பேனர் கிடைச்சது, அடிச்சுட்டேன்." குச்சியைப் பெட்டியோரத்தில் உரசத் தயாராக வைத்தார். "எவனாவது கிட்ட வந்தா இவனைக் கொளுத்திடுவேன்."

கம்பத்துக்கும் அவருக்கும் கைநீட்டும் தூரம்தான். புனல் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான்.

"கொளுத்து" என்றாள் கேன் அக்கா. "முதல்ல உன் பேன்ட்டைப் பாரு. இந்த ரோட்டுல பொறந்த நாய்கூடக் காத்துக்கு எதிரா பெட்ரோல் ஊத்தாது."

அவர் குனிந்து பார்த்தார். இடுப்புக்குக் கீழே பாதி நனைந்திருந்தது. பயத்தில் கை உதறியது. உதறிய கை குச்சியைக் கிழித்துவிட்டது.

"ஓடுங்க கண்டக்டர்!" என்று மேடம் பாய்ந்தார். நானும் பாய்ந்தேன். பையிலிருந்த மடக்குக் கத்தியால் கம்பத்துக் கயிற்றை அறுத்தேன். மேடத்தின் செருப்பு வார் அறுந்து போக, ஒற்றைச் செருப்போடு புனலின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். மூன்று பேரும் புழுதியில் உருண்டோம். என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுடர் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. குலதெய்வம் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

சுர்ரென்று ஒரு சத்தம். திரும்பினேன்.

சீசாவின் மனைவி லாரிக்காரர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, தண்ணீரை அப்படியே அண்ணன்காரரின் கையில் வீசியிருந்தாள். குச்சி கறுத்துத் தொங்கியது. அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது காலி பாட்டிலை ஓங்கி அவர் நெற்றியில் போட்டாள். கண்ணாடி உடைந்து சிதறியது. ஆள் மண்டியிட்டு விழுந்தார். அப்புறம் கூட்டம் அவர் மேல் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ நீலக் கேனைத் தூக்கினார்கள். இன்னும் பாதி இருந்தது.

"கொளுத்து! கொளுத்து!"

"உசிரோட வேணும்!" என்று மேடம் கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. கேன் அக்கா சீசாவின் மனைவியைப் பார்த்தாள். "சொல்லும்மா. உன் உரிமை."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வடிந்தது. கீழே கிடந்தவர் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். "தங்கச்சி" என்றார்.

அவள் அவர் முகத்தில் காறித் துப்பினாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "வேணாம். அந்தக் கிழவிக்கு ரெண்டு புள்ள. ஒண்ணு கரிக்கட்டையா கிடக்கு. இன்னொண்ணையும் கரிக்கட்டையா கொண்டுபோய்க் குடுக்க என்னால முடியாது. போலீஸ்ல குடுங்க. அந்த வீட்டுல அவங்க சாகிற வரைக்கும் இருப்பாங்க. நான் பாத்துக்கறேன்."

கேன் அக்கா கேனைப் பிடுங்கி மூடியைத் திருகினாள். அதோடு அன்றைய தீர்ப்பு முடிந்தது. அந்த ரோட்டு வரலாற்றிலேயே முதல் தடவையாக வியாபாரிகள் போலீஸுக்கு போன் போட்டார்கள். எதிர்முனையில் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவை நான் போட்டேன்.

ஜீப் வருவதற்குள் புனலின் கண்ணைக் கழுவி, கைக்குத் துணி சுற்றினோம். அவன் தன் அக்காவைத் தேடினான். அவள் கொட்டகைக்குள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மேஜையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து மடியில் வைத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பழக்கம்.

"பாவி மனுஷா" என்றாள். "வெயில் படாம பாத்துக்கோ, கை நழுவிடாம பாத்துக்கோன்னு என்னைத் திட்டித் திட்டித் தீத்தியே. தண்ணியையா நான் இத்தனை நாளா துடைச்சேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பொண்டாட்டிகிட்டகூடவா சொல்லக் கூடாது?"

அவன் சொல்லாததால்தான் இன்றைக்கு உன் தம்பி உயிரோடு நிற்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் தன் வெறுங்காலால் என் காலை ஓங்கி மிதித்தார்.

அவள் பாட்டிலைத் துடைத்து முடித்தாள். எழுந்துபோய் மேஜையில் அதன் இடத்தில் வைத்தாள். காலியாக இருந்த இரண்டு வட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள்.

"சாயப்பொடி எங்கடா இருக்கு?" என்றாள்.